ஓட்டை இல்லாத சுவர்

மழைக்கு வெட்கமே இல்லை. போன வாரம் நாம் இந்த வீட்டை விட்டுப் புறப்பட்டபோது தூறிக்கொண்டிருந்தது. இப்போதும் அதே மழைதான். என்ன, தூறல் தடித்துவிட்டது.

இடையில் ஒரு வாரம் படிக்காமல் விட்டவர்களுக்காக நாலு வார்த்தை. கழிமுகத்தின் கரையோரம் தெரு முடிகிற இடத்தில் இருக்கிறது வீடு. படகு எஞ்சின் பழுதுபார்க்கிற மெக்கானிக், அவன் மனைவி, அவன் அப்பா, மூன்றே பேர். மனைவியை மருமகள் என்றே சொல்லிப் பழகிவிட்டோம், அப்படியே இருக்கட்டும். அப்பா சுற்றுவட்டாரம் முழுக்கத் தண்ணீர்த்தொட்டி கட்டிக் கொடுத்தவர். தொட்டி மேஸ்திரி என்றால் எல்லாருக்கும் தெரியும்.

பழைய கல்சுவரைப் புயல் அள்ளிக்கொண்டு போனதும், புதிதாக எதைக் கட்டுவது என்று அப்பாவும் மகனும் மாதக்கணக்கில் மல்லுக்கட்டியதும் உங்களுக்கு நினைவிருக்கும். பாறாங்கல்லைச் சரிவாகக் கொட்டலாம் என்றால் அதற்கு இடம் வேண்டும். வீட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவே இருந்தது ஒரு துணிக்கொடி கட்டுகிற இடம்தான். இரும்புத் தகடு என்றதும் "உப்புக் காத்துக்குத் தீனி போடறதா?" என்று மேஸ்திரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். கடைசியில் காங்கிரீட் பலகைகளைச் சேற்றுக்குள் வரிசையாக இறக்கி, தலையில் ஒரு பட்டை ஓட்டிய செங்குத்துச் சுவர் எழும்பியது. அதன் பின்னால் மண்ணைக் கொட்டி நிரப்பிய பின்முற்றத்தில்தான் இப்போது துணி காய்கிறது. காய்ந்தது என்று சொல்ல வேண்டும்.

இன்னொன்று. மருமகளின் அத்தை, அதாவது மேஸ்திரியின் மனைவி, இறந்துபோனதிலிருந்து அறைக்குள்ளேயே முடங்கிக் கிடந்த மேஸ்திரி, போன அத்தியாயத்தில் விசிலடித்துக்கொண்டு வெளியே வந்தார். இரண்டாவது டம்ளர் டீ கேட்டார். எதனால் இந்த மாற்றம் என்று மகன் கேட்கவில்லை. கேட்டால் திரும்ப உள்ளே போய்விடுவாரோ என்கிற பயம்தான்.

இன்று காலை காண்ட்ராக்டர் கோணிப்பையும் கையுமாக வந்து இறங்கினார். சுவர் முடிந்தது, அடுத்தது படகுத்துறை. அதற்குத் தூண் எது என்று முடிவு செய்ய வேண்டும். பையிலிருந்து மூன்று துண்டுகளை எடுத்துச் சாப்பாட்டு மேஜைமேல் வைத்தார். ஒன்று மரம், ஒன்று காங்கிரீட், ஒன்று பிளாஸ்டிக் உறை போட்ட இரும்புக் குழாய்.

"தட்டிப் பாருங்க சார்" என்றார் மரத்தைக் காட்டி.

மெக்கானிக் தட்டினான். "கெட்டியாத்தானே இருக்கு?"

காண்ட்ராக்டர் அதைத் திருப்பிப் போட்டார். நெடுக்காக அறுத்த துண்டு அது. வெளித்தோல் வழவழவென்றிருக்க, உள்ளே விரல் தடிமனுக்கு வளைந்து வளைந்து பாதைகள். மரம் என்று சொல்ல விளிம்பில்தான் ஏதோ மிச்சம் இருந்தது.

"கடல்புழு. வெளியில குண்டூசித் துளைதான் தெரியும். உள்ள கூட்டுக்குடும்பமே நடத்திட்டிருப்பாங்க."

"பார்த்தியாடா?" மேஸ்திரிக்கு ஏகக் குஷி. "எல்லாக் கேடும் துளையிலதான் ஆரம்பிக்குது. நான் அன்னிக்கே சொல்லல?"

"மருந்து ஏத்தின மரம் கிடைக்குதுப்பா. படகு வந்து இடிச்சா மரம் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். உங்க காங்கிரீட் விட்டுக்கொடுக்குமா?"

"டயரைக் கட்டு."

"டயர் அறுந்தா?"

"இன்னொரு டயரைக் கட்டு. டயருக்கா பஞ்சம் உன் பட்டறையில? உங்கம்மா நடக்க வழியில்லாம டயராத்தானே போட்டு வெச்சிருந்தே."

அத்தையின் பேச்சை அவராகவே எடுத்தது இதுதான் முதல் தடவை. மருமகள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவர் அழவில்லை, சிரித்துக்கொண்டிருந்தார். அவளுக்குத்தான் கண் கலங்கியது. இந்த வீட்டில் மறுபடியும் சண்டைச் சத்தம் கேட்கிறதே, அதுவே போதும் என்றிருந்தது.

தூண் காங்கிரீட், படகு உரசுகிற பக்கம் மட்டும் மரச்சட்டம் என்று ஒருவழியாக முடிவானது. ஜெயித்தது தான்தான் என்று அப்பாவும் நினைத்துக்கொண்டார், மகனும் நினைத்துக்கொண்டான். மேஸ்திரி குளிக்கப் போனார்.

காண்ட்ராக்டர் டீ டம்ளரோடு அடுப்படி ஜன்னலுக்கு வந்து நின்றார். பின்முற்றம் குளமாகிக் கிடந்தது. தெருவின் சரிவு முழுக்க இந்தப் பக்கம்தான். மழை பெய்தால் அத்தனை வீட்டுத் தண்ணீருக்கும் போக்கிடம் இது.

"ஏன்மா, இவ்வளவு தண்ணி நிக்குது? சுவர்த்துளை வழியா போகலையா?"

"எந்தத் துளை?" என்று கேட்டாள் மருமகள். கேட்கும்போதே எந்தத் துளை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

சுவரின் அடியில் வரிசையாகக் குழாய்த் துண்டுகளைப் பதித்து, துளைகள் விட்டிருந்தார்கள். கழிமுகத்தில் தண்ணீர் ஏறும்போதெல்லாம் அந்த வழியாக உப்புத்தண்ணீர் உள்ளே வந்தது. அத்தை வைத்த செம்பருத்தி இலை கருகி உதிர ஆரம்பித்தது. அதைப் பார்த்துத்தான் மேஸ்திரி அறையை விட்டு வெளியே வந்தார். ஆயுள் முழுக்கத் தொட்டி கட்டிய மனிதர். சுவரில் ஓட்டை இருப்பதும் சட்டையில் கிழிசலோடு கல்யாணத்துக்குப் போவதும் அவருக்கு ஒன்றுதான். தண்ணீர் இறங்கியிருந்த மத்தியான நேரங்களில் ஏணியைப் போட்டு இறங்கி, கலவை குழைத்து, ஒவ்வொரு துளையாக அடைத்தார். மணலைச் சலித்துக் கொடுத்தது மருமகள். வாளியைக் கயிற்றில் இறக்கியதும் அவள்தான். மெக்கானிக் பட்டறையில் இருந்தான், அவனுக்கு எதுவும் தெரியாது. செம்பருத்தி தளிர்த்ததும் இரண்டு பேரும் அதைப் பார்த்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்கள்.

"மாமா அடைச்சிட்டார்" என்றாள் மெல்ல.

காண்ட்ராக்டர் டம்ளரைக் கீழே வைத்தார். "எல்லாத்தையுமா?"

"உப்புத்தண்ணி உள்ள வந்துச்சுன்னு..."

"கொஞ்சம் வரத்தான்மா செய்யும். துறை வேலையோட சேர்த்து அதுக்கு மூடி போடறதா இருந்தேன், வெளியில மட்டும் திறக்கிற மாதிரி. துளை தண்ணி உள்ள வர்றதுக்கு இல்லம்மா. மண்ணுல ஊறின தண்ணி வெளிய போறதுக்கு." அவர் குரல் தாழ்ந்தது. அதட்டியிருந்தால்கூட அவளுக்குத் தேவலாம் போலிருந்தது.

குழாய்ச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. குளியலறையில் மேஸ்திரி பாடிக்கொண்டிருந்தார்.

மெக்கானிக்கையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு காண்ட்ராக்டர் விவரமாகச் சொன்னார். இப்போது கழிமுகத்தில் தண்ணீர் ஏறி நிற்கிறது. உள்ளேயிருந்து ஈரமண் தள்ளுகிறது, வெளியிலிருந்து தண்ணீர் தாங்குகிறது, சுவர் நடுவில் நிற்கிறது. சாயங்காலம் வெளித்தண்ணீர் இறங்கிவிடும். அப்போது தாங்க ஆள் இல்லை.

"தண்ணி ஏறினாத்தான் பயம்னு நினைச்சிட்டிருந்தேன்" என்றான் மெக்கானிக்.

"எல்லாரும் அப்படித்தான் சார் நினைப்பாங்க."

"சுவர் போனா?"

காண்ட்ராக்டர் அடுப்படித் தரையைப் பார்த்தார். சுவரோடு மண் போகும். மண்ணோடு அடுப்படி போகும். அதற்கு அடுத்த அறை மேஸ்திரியுடையது.

துளை போடுகிற மிஷின், வேலைச் சாமான் ஏற்றுகிற அவருடைய மிதவையில் பூட்டிக் கிடந்தது. மிதவை கழிமுகத்தின் வளைவு தாண்டி உள்ளே கட்டியிருக்கிறது. ஆட்களுக்குப் போன் போட்டுப் பார்த்தார், ஒருவரும் எடுக்கவில்லை. வேறு யாரைக் கூப்பிட்டாலும் மழை, அவரவருக்கு அவரவர் வீட்டுத் தண்ணீர். படகில் போய்த்தான் கொண்டுவர வேண்டும்.

"நீ பம்பை ஓட்டிட்டு இரு" என்றான் மெக்கானிக் மனைவியிடம். "சுவர் பக்கம் போகாதே. அப்பாவையும் விடாதே."

"மாமாகிட்ட என்னன்னு சொல்றது?"

"எதுவும் சொல்லாதே. இப்பத்தான் மனுஷன் வெளிய வந்திருக்கார். இது தெரிஞ்சா திரும்ப அந்த ரூமுக்குள்ள போயிடுவார். அப்புறம் யார் கூப்பிட்டாலும் வரமாட்டார்."

அவன் சொன்னது நியாயம்தான். அந்த நியாயத்தை அவள் தலையில் கட்டிவிட்டு இரண்டு பேரும் படகில் ஏறிப் போனார்கள்.

பம்பு ஓடியது. ஓடியது என்பதைவிட இருமியது என்று சொல்லலாம். சேற்றை இழுத்து அடைத்துக்கொள்ளும். அவள் நிறுத்தி, குழாயின் வாயைக் கழுவி, திரும்ப ஓட்டுவாள். இறைக்கிற தண்ணீர் சுவரைத் தாண்டி விழ விழ, தெருவிலிருந்து அதற்கு மேல் வந்து சேர்ந்தது. செம்பருத்திச் செடியின் அடித்தண்டு முங்கியிருந்தது, அது முங்கியபடியே இருந்தது.

அவளால் ஆகக்கூடியது இவ்வளவுதான். ஒரு இரும்பு மிஷினின் வாயைக் கழுவுவது.

மத்தியானச் சாப்பாட்டுக்கு மேஸ்திரி அவளையும் உட்காரச் சொன்னார். நனைந்த புடவையோடு உட்கார்ந்து அவருக்குப் பரிமாறினாள்.

"எங்கே அவன்?"

"காண்ட்ராக்டரோட மிதவையைப் பார்க்கப் போயிருக்கார் மாமா."

"இந்த மழையிலயா? தூண் எங்கயும் ஓடிப்போயிடாதே. அவசரக்குடுக்கை. அப்படியே அவன் அம்மா." சோற்றைப் பிசைந்துகொண்டே ஜன்னல் பக்கம் தலையை ஆட்டினார். "ஆனா பார்த்தியாம்மா, இவ்வளவு மழைக்கும் ஒரு சொட்டு கசியல. உன் சலிப்பு அப்படி. மாவு மாதிரி சலிச்சுக் கொடுத்தே."

"ஆமா மாமா" என்றாள். இந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டு அவள் எந்த மூலையில் போய் நிற்பாள்?

ஜன்னலுக்கு வெளியே கழிமுகம் இறங்க ஆரம்பித்திருந்தது. எதிர்க்கரைச் சேற்றில் ஒரு கறுப்புக் கோடு தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தபோது அது பட்டையாகியிருந்தது. இத்தனை வருஷமும் தண்ணீர் இறங்கினால் இந்த வீட்டில் எல்லாரும் நிம்மதியாக மூச்சு விடுவார்கள். இன்று அவள் அதை ஒருத்தர் வீட்டை விட்டுப் போவதைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள். நில்லேன் என்று கெஞ்சினால் நிற்கிற சாதியா அது?

கணவனுக்குப் போன் போட்டாள். மிதவையின் பூட்டு துருப்பிடித்துப் போய்த் திறக்கவில்லையாம், உடைத்துக்கொண்டிருக்கிறார்களாம். காற்றில் பாதிதான் கேட்டது.

பம்பு மறுபடி இருமி நின்றது. அதைச் சரிசெய்து நிமிர்ந்தபோது, குடையைப் பிடித்துக்கொண்டு மேஸ்திரி சுவரோரமாக நின்றிருந்தார்.

"மாமா, அங்க போகாதீங்க. வழுக்கும்."

"வழுக்கறதுக்கு நான் என்ன புது மாப்பிள்ளையா?" என்றபடி பையிலிருந்து தூக்குக்குண்டை எடுத்தார். சுவர் நேராக நிற்கிறதா, சாய்கிறதா என்று காட்டுகிற, நூலில் கட்டிய பித்தளைக் குண்டு, அவர் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கூடவே இருப்பது. "யார் கட்டின சுவரா இருந்தாலும் மழைக்கு நடுவுல ஒருதரம் குண்டு விட்டுப் பார்க்கணும். அப்பத்தான் எனக்குத் தூக்கம் வரும்."

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஓடிப் போய்ப் பிடுங்கவா முடியும்? நூலின் நுனியைச் சுவரின் தலைப்பட்டையில் ஆணிக்குச் சுற்றி, குண்டைத் தண்ணீர்ப் பக்கமாக இறக்கிவிட்டு, அவர் குனிந்து பார்த்தார். குண்டு ஆடி ஆடி நின்றது. அவர் நிமிரவில்லை.

பிறகு கையைக் கீழே நீட்டி, நூலுக்கும் சுவருக்கும் நடுவே விரல்களை வைத்துப் பார்த்தார். நாலு விரலும் உள்ளே போயின.

குடை கையிலிருந்து நழுவியது. அதை அவர் எடுக்கவில்லை. பம்பைப் பார்த்தார். முற்றத்துத் தண்ணீரைப் பார்த்தார். கடைசியாக மருமகளின் முகத்தைப் பார்த்தார்.

"பம்பு எதுக்கும்மா?"

"தண்ணி தேங்குதுன்னு..."

"அவங்க எதுக்குப் போயிருக்காங்க?"

பொய் சொல்ல வாயெடுத்தாள். வரவில்லை. அவரிடம் இதுவரை அவள் பொய் சொன்னதே இல்லை, பழக்கமில்லாத வேலை.

"துளை போடற மிஷின் கொண்டுவர மாமா."

மேஸ்திரி தலையை ஆட்டினார். கோபமில்லை, அழுகையும் இல்லை. முப்பது தொட்டியைக் கட்டியவரிடம் போய் தண்ணீர் எப்படித் தள்ளும் என்று யாராவது விளக்க வேண்டுமா? எல்லாம் அந்த ஒரு தலையாட்டலிலேயே முடிந்துவிட்டது.

"நான் இதை மதில்னு நினைச்சேன்மா. தண்ணி அந்தப் பக்கம் இருக்கு, நாம இந்தப் பக்கம் இருக்கோம்னு." நனைந்த மண்ணைக் காலால் அழுத்திக் காட்டினார். பாதம் கணுக்கால்வரை போனது. "இது தொட்டி. நாமதான் தொட்டிக்குள்ள நிக்கறோம்."

"நீங்க வேணும்னேவா செஞ்சீங்க மாமா? நானும்தானே சலிச்சுக் கொடுத்தேன்."

"நீ சலிச்சே. அடைக்கச் சொன்னது யாரு?"

செம்பருத்தியை அவர் ஒருதரம் பார்த்தார். பிறகு, "ஒரு டீ போடேன்மா, குளிருது" என்றார்.

அவளுக்கு அது எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று சொல்லி முடியாது. இந்தப் பாழாய்ப்போன நாளில் அவளால் செய்யக்கூடிய ஒரு வேலை கிடைத்துவிட்டது. அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து, தலையைத் துவட்டச் சொல்லித் துண்டு கொடுத்து, முன்னறை நாற்காலியில் உட்காரவைத்தாள். அறைக்குள் போய்விடாதீர்கள் என்று வாய்விட்டே சொன்னாள். "போகமாட்டேன்" என்றார். சொன்ன வாக்கையும் காப்பாற்றினார்.

பால் பொங்குவதற்குள் அலமாரியிலிருந்து பத்திரங்களையும் அத்தையின் போட்டோவையும் எடுத்து ஒரு பையில் போட்டாள். பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைக்க வேண்டும். டீ கொடுத்துவிட்டு அப்படியே மாமாவையும் அங்கே கூட்டிப்போய்விட வேண்டும். வீடு போனாலும் மனிதர்கள் இருந்தால் சரி என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

இரண்டு டம்ளரோடு வந்தபோது நாற்காலியில் துண்டு மட்டும் மடித்து வைத்திருந்தது.

அறையில் இல்லை. குளியலறையில் இல்லை. வாசற்படியருகே ஆணியில் எப்போதும் தொங்குகிற அவருடைய சாமான் பையும் இல்லை.

டம்ளர்களை எங்கே வைத்தாள் என்று அவளுக்கே தெரியாது. பின்கதவைத் திறந்தாள். பம்பு நின்றுபோயிருந்தது. அந்த அமைதியில்தான் கேட்டது, சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, டக், டக், டக். உளிமேல் விழுகிற சுத்தியல்.

போகாதே என்று கணவன் சொன்னதெல்லாம் அப்போது நினைவில் இல்லை. சேற்றில் இறங்கி ஓடினாள். போகிற வழியில், காலையில் இல்லாத ஒரு வெடிப்பு முற்றத்தின் குறுக்கே, சுவருக்கு இணையாக, அடுப்படிப் படி வரைக்கும் போயிருந்தது. அதைத் தாண்டித்தான் போனாள்.

சுவரின் தலையைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். கழிமுகம் முழுசாக இறங்கிக் கிடந்தது. கீழே முழங்கால் சேற்றில் மேஸ்திரி நின்றுகொண்டிருந்தார். ஏணி சாய்ந்திருந்தது. முதல் துளை திறந்துவிட்டது. அதிலிருந்து பழுப்புத் தண்ணீர் பீய்ச்சி அவர் இடுப்பில் அடித்துக்கொண்டிருந்தது. அவர் இரண்டாவது துளையில் உளியை வைத்திருந்தார்.

"மாமா, ஏறி வாங்க."

"வந்துடறேன்மா."

"அவர் மிஷினோட வந்திடுவார் மாமா. நீங்க ஏறி வாங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"அடைப்பு எங்க விடுது?" அவர் நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார். சுத்தியல் விழுந்தது. அடைப்பில் ஒரு சிராய்ப்பு விழுந்ததோடு சரி. "என் கலவையாச்சேம்மா. லேசுல விடாது."

அந்தக் குரலில் பெருமை இருந்தது. அதைக் கேட்டபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது. ஏணியில் இறங்கி இழுத்துவரலாம் என்றால், அவரை இழுக்கிற பலம் அவளுக்கு இல்லை. கூப்பிடலாம் என்றால் வளைவுக்கு அப்பாலிருக்கிற படகுக்குக் கேட்காது. தன் வயிறு அழுத்திக்கொண்டிருக்கிற சுவர் மெல்ல நெளிவதுபோல இருந்தது. மழைதான் அப்படித் தோன்ற வைக்கிறது என்று நினைத்துக்கொள்ளப் பார்த்தாள்.

ஆணியில் சுற்றிய நூல் இன்னும் அங்கேயே தொங்கிக்கொண்டிருந்தது. மத்தியானம் நாலு விரல் போன இடைவெளி. இப்போது அவருடைய கை, கையிலிருந்த சுத்தியலோடு, நூலுக்கும் சுவருக்கும் நடுவே எதிலும் படாமல் போய்வந்துகொண்டிருந்தது.